கட்டம் கட்டமாக வந்த சீட்டு

தேவராஜுக்கு நாற்பத்து நான்கு வயது. திருவேற்காட்டில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் சாஃப்ட்வேர் வேலை. சாஃப்ட்வேர் என்றதும் கண்ணாடி பதித்த பத்து மாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். கீழ்த்தளத்தில் போல்ட்டுக்கு முலாம் பூசுகிற பட்டறை, அதற்கு மேலே இவர்கள் கம்பெனி. ஆசிட் நெடி மாடிப்படி வரைக்கும் கூடவே வரும். மொத்தம் அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் தேவராஜ்தான் வயதில் மூத்தவன்.

அவனுடைய அப்பாவும் அம்மாவும் அயப்பாக்கத்துக் கழனிகளில் கூலிக்குப் போனவர்கள். கழனியெல்லாம் மனையானதும் அப்பா பாடியில் ஒரு ஃபேக்டரிக்கு லோடு ஏற்றப் போனார். மகன் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தான். அந்த வம்சத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். சொந்தக்காரர்கள் கல்யாணம் காட்சிகளில் அவனைத் தேடி வந்து பேசுவதற்கு அதுவே காரணம்.

பன்னிரண்டு வருடமாக அவன் கட்டிக்கொண்டு அழுதது ஒரே ஒரு புரோகிராம். பாடியில் மிக்சியும் கிரைண்டரும் செய்கிற ஒரு கம்பெனிக்குக் கேட் சீட்டு அடித்துக் கொடுக்கிற புரோகிராம். லாரியில் லோடு ஏறியதும் டிரைவர் பெயர், வண்டி எண், போகிற ஊர், எத்தனை பெட்டி என்று எல்லாம் தமிழில் அச்சாகி வரும். வாட்ச்மேன் அதை வாசித்துச் சரிபார்த்த பிறகுதான் வண்டி வெளியே போகும். அதற்காகத் தேவராஜே ஒரு தமிழ் எழுத்துருவைத் தேடிப் பிடித்து, ஃபேக்டரியின் சின்ன ஏ.சி. அறையில் இருந்த சர்வருக்குள் போட்டு வைத்திருந்தான். சர்வர் மக்கர் பண்ணினால் பைக்கை எடுத்துக்கொண்டு பாடிக்குப் பறப்பான். உள்ளே போவான், எதையோ தட்டுவான், ஓட ஆரம்பித்துவிடும். தேவராஜ் கைவைத்தால் ஓடும் என்று ஃபேக்டரி முழுக்கப் பேர் இருந்தது.

இந்த வருடம் பிடித்தது சனியன். எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றப் போகிறோம், குபர்னெடிஸ் படியுங்கள் என்றார் மேனேஜர் சண்முகசுந்தரம். கூடவே இன்னொன்றும் சொன்னார். பாடி வேலையில் இப்போது பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், தீபாவளி கழிந்ததும் ஆறு பேர் போதும், புதுசு தெரிந்தவர்கள் இருப்பார்கள், மற்றவர்கள் ரிலீஸ். ரிலீஸ் என்றால் விடுதலை என்று சந்தோஷப்படாதீர்கள். வேறு வேலை காலி இருந்தால் கம்பெனியே கொடுக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாற்பத்து நான்கு வயதில் பழைய புரோகிராம் ஒன்றை மட்டும் தெரிந்தவனை எவன் கூப்பிட்டு உட்காரவைப்பான்? தேவராஜுக்கு அது நன்றாகவே தெரியும்.

பாடம் எடுத்தது நிவேதிதா. கோபிசெட்டிபாளையத்துப் பெண், இருபத்தெட்டு வயது, டீமுக்கு லீடு. நல்ல பெண், குறை சொல்ல முடியாது. புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும், அதுதான் கன்டெய்னர் என்றாள். டப்பாவுக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு ஃபைலில் குறிப்பு எழுதி வைக்க வேண்டும். மேலே குபர்னெடிஸ் ஒரு மேஸ்திரி மாதிரி உட்கார்ந்து எல்லா டப்பாவையும் பார்த்துக்கொள்ளும். ஒரு டப்பா மூச்சுத் திணறினால் மேஸ்திரி வைத்தியம் பார்க்காது. தூக்கிக் கடாசிவிட்டு, குறிப்பில் இருக்கிறபடி புது டப்பாவை வைத்துவிடும்.

கடாசுவதா? தேவராஜுக்கு அதுதான் தொண்டையில் சிக்கியது. பன்னிரண்டு வருடமாக ஒரே சர்வரை வயதான மாமியாரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டவன் அவன். சந்தேகம் கேட்கலாம்தான். ஆனால் சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நேற்றுப் பிறந்த பிள்ளைகள். எல்லோரும் மளமளவென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். நிவேதிதா அவன் பக்கம் திரும்பி, “புரிஞ்சுதுங்களாண்ணா?” என்று கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டி வைத்தான். பரீட்சையும் வந்தது. நான்கு விடையில் ஒன்றைத் தொட வேண்டிய பரீட்சை. உருப்போட்டு எண்பது மார்க் வாங்கிவிட்டான். அந்த எண்பதை வாங்காமலே இருந்திருக்கலாம்.

மாற்றுவதற்கு ஆயுத பூஜையைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்குப் பாடியிலும் எஸ்டேட்டிலும் ஒரு மெஷினும் ஓடாது. லேத்துக்குச் சந்தனம், லாரிக்கு வாழைக்கன்று, வாசலில் பூசணிக்காய். அறையில் இருந்த சர்வருக்குத் தேவராஜ் வழக்கம்போலப் பொட்டு வைத்தான், சூடம் காட்டினான், பிறகு அவனே சுவிட்சை அணைத்தான். புது இடம் கிளவுடில் இருக்கிறது, எங்கே என்று போய்ப் பொட்டு வைப்பது? நிவேதிதாவின் லேப்டாப்பில் யாரோ குங்குமத்தை அப்பிவிட்டார்கள்.

ஃபேக்டரி திறந்த நாள் காலையில் முதல் சீட்டு அச்சாகி வந்தது. அதில் எழுத்தே இல்லை. டிரைவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஊர் இருக்க வேண்டிய இடத்திலும் கட்டங்கள். கேட்டில் கிளார்க்காக இருக்கும் இருதயராஜ் போன் போட்டார்.

“இன்னா நைனா இது? சீட்டுல எய்த்தே காணோம், கட்டம் கட்டமா வந்துகினு கீது. டிரைவரு இன்னா கோலமா போட்டு குட்த்தன்னு கேக்குறான்.”

டீமே அலறியது. தேவராஜுக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. எழுத்துரு பழைய சர்வரோடு போய்விட்டது, டப்பாவுக்குள் யாரும் எடுத்துப் போடவில்லை. ஓடுகிற டப்பாவுக்குள் போக ஒரு கட்டளை உண்டு, அது அவனுக்கு மனப்பாடம். உள்ளே போனான், தன் லேப்டாப்பில் இருந்த எழுத்துருவின் பிரதியை வைத்தான், வெளியே வந்தான். ஐந்தே நிமிடம். அடுத்த சீட்டில் ‘ஓட்டுநர்’ என்று கொட்டை எழுத்தில் தமிழ் வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். “இதுக்குத்தாய்யா எக்ஸ்பீரியன்ஸ் வேணும்ங்கறது” என்று சண்முகசுந்தரம் தோளைத் தட்டினார். தேவராஜுக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மதியச் சோறு ருசித்தது.

“அண்ணா, அதைக் குறிப்புலயும் சேர்த்துருங்க, இல்லீன்னா அடுத்த டப்பாவுல இருக்காது” என்றாள் நிவேதிதா.

“சேர்த்துடறேம்மா” என்றான்.

சேர்க்கத்தான் பார்த்தான் பாவம். குறிப்பு எழுதும் ஃபைலைத் திறந்து, இந்த எழுத்துருவை எடுத்து உள்ளே போடு என்று ஒரு வரி எழுதினான். திரையெல்லாம் சிவப்பானது. அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது. இல்லையா? இதோ அவன் டெஸ்க்டாப்பில் கண்ணெதிரே குத்துக்கல்லாட்டம் இருக்கிறதே! பெயரைத் திருத்தினான், சிவப்பு. ஃபைல் எங்கே இருக்கிறது என்று காட்டும் வழியைத் திருத்தினான், சிவப்பு. இணையத்தில் தேடினால் ஒருத்தன் ஒன்று சொல்கிறான், அடுத்தவன் அதுவே தப்பு என்கிறான். சாயந்தரம் நான்கு மணிக்கு நிவேதிதா வந்து, “சேர்த்தாச்சுங்களாண்ணா?” என்றாள். காலையில் வாங்கிய கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. “ஆச்சும்மா” என்று சொல்லிவிட்டான். அவளும் நம்பிப் போய்விட்டாள். போய்த் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே விடிந்திருக்கும்.

ஐந்தரைக்கு இருதயராஜ் மறுபடியும் போன். மறுபடியும் கட்டம். டப்பா நினைவகம் தீர்ந்து திணறியிருக்கிறது, மேஸ்திரி கடாசிவிட்டுப் புதுசை வைத்திருக்கிறது, புதுசில் எழுத்துரு இல்லை. தேவராஜ் ஓசைப்படாமல் உள்ளே போய் மறுபடியும் வைத்தான். மறுநாள் காலை பத்துக்கு ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. இப்படியாக அவன் பிழைப்பு மேஸ்திரியோடு மல்லுக்கட்டுவதாகிப் போனது. மேஸ்திரிக்கு வலிக்காது, தூக்கம் வராது, இவன் ஒருத்தன் இருப்பதே அதற்குத் தெரியாது.

“அண்ணாத்தே, கட்டம் வந்தா ஆபீஸுக்குப் பண்ணாத, நேரா எனக்குப் பண்ணு” என்று இருதயராஜிடம் சொல்லி வைத்தான்.

“உன்கிட்ட சொன்னா அஞ்சு நிமிஷத்துல ஆயிடுது நைனா, அவங்ககிட்ட எவன் பேசுறது” என்றார் அவர்.

அதன் பிறகு தேவராஜ் லேப்டாப்பை இறக்கி வைக்கவே இல்லை. ஷேர் ஆட்டோவில் மடியில் திறந்துவைத்து எழுத்துரு போட்டான். குமணன்சாவடி சிக்னலில் பைக்கை ஓரங்கட்டிப் போட்டான். டாய்லெட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டான். எல்லா நாளும் நாளைக்கு எப்படியும் கற்றுக்கொண்டுவிடலாம் என்று நினைப்பான். நாளைக்கு வந்தால் கட்டத்தைத் துரத்தவே பொழுது சரியாகப் போகும். நாள் ஆக ஆகக் கேட்பதும் கஷ்டமானது. முதல் நாள் தெரியாது என்று சொன்னால் தெரியாது, அவ்வளவுதான். பத்தாம் நாள் சொன்னால் பொய்யும் சேர்ந்துகொள்கிறது.

விஜி இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். விஜி அவன் மனைவி, பூந்தமல்லியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். புருஷன் போன் வந்தால் எழுந்து வெளியே போகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். பெண்டாட்டிக்கு வேறென்ன தோன்றும்? வாயைத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தாள்.

தேவராஜின் தங்கை அகல்யாவின் பெண்ணுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காது குத்து. கோயில் பக்கத்து மண்டபம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் வேட்டி கட்டி, குழந்தையை மடியில் வாங்கி உட்கார்ந்தான். ஆசாரி ஊசியை எடுக்கிறார், இவன் இடுப்பில் போன் அதிர்கிறது. தீபாவளி நெருக்கம், பாடியில் ஞாயிறும் லோடு. “ஒரு நிமிஷம்” என்று குழந்தையை அகல்யா கையில் கொடுத்துவிட்டு எழுந்தானே ஒழிய, பதினைந்து நிமிடமாக ஆளைக் காணோம். குழந்தை வீறிட்டு அழுகிறது, சொந்தமெல்லாம் முணுமுணுக்கிறது. விஜி தேடிக்கொண்டு போனாள். சமையல்கட்டுக்குப் பின்னால், அண்டா கழுவுகிற இடத்தில், கவிழ்த்து வைத்த தவலை மேல் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான்.

“இன்னா பண்ணிகினு கீற இங்க? யாரு அவ?” என்றாள்.

தேவராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எவ?” என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. விஜி அதை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அடச்சீ, ஆபீஸ் வேலையா! நான் இன்னான்னமோ நெனச்சுகினு ஒரு வாரமா தூங்கலய்யா. ஏன், நீ இல்லன்னா அங்க ஒண்ணும் ஓடாதா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. “ஓடாது” என்றான்.

சோற்றுப் பந்தியில் விஜி எல்லோரிடமும் அதையே சொன்னாள். “அவர் கைய வெக்கலன்னா பாடியில ஒரு லாரி நகராதாம்.” அகல்யாவின் மாமியார்கூடக் கோபம் தணிந்து, பெரிய வேலைக்காரர்தான் என்றார். தேவராஜ் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். கையில் வைத்திருக்கிற உத்தியோகம் இன்னும் எத்தனை நாளைக்கோ என்ற பயத்தில் பாயசம் இறங்கவில்லை.

தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. பாடியில் நூறு வண்டிக்கு மேல் லோடு. சீட்டு அடிக்க நேரமாகிறது என்று புகார் வந்ததும், நிவேதிதா காலை பதினோரு மணிக்கு ஒரு எண்ணை மாற்றினாள். ஒரு டப்பா இருந்த இடத்தில் ஆறு டப்பா. அவள் செய்தது சரிதான், அதற்காகத்தானே மேஸ்திரியை வைத்தது. தேவராஜிடம் சொல்லவேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? ஒன்றில்தான் எழுத்துரு இருந்தது. மற்ற ஐந்தும் வெறும் டப்பா.

“நைனா, ஒரு சீட்டு நல்லா வருது, அஞ்சு சீட்டு கட்டமா வருது. இன்னா வெளாட்டு இது?” என்றார் இருதயராஜ்.

தேவராஜ் பார்த்தான். திரையில் ஆறு டப்பாக்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. இரண்டாவதற்குள் போய் வைத்தான், மூன்றாவதற்குள் வைத்தான். நான்காவதை முடிப்பதற்குள் இரண்டாவது செத்துப் புதுசு வந்து நின்றது. திரும்ப இரண்டுக்குப் போனான், ஐந்து செத்தது. போன் விடாமல் அடித்தது. உள்ளே வர வேண்டிய வண்டிகள் கேட்டுக்கு வெளியே மேம்பாலத்து அடி வரைக்கும் நிற்கின்றன என்றார் இருதயராஜ். பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், டிராஃபிக் போலீஸ் வந்துவிட்டது என்றார். தேவராஜ் கட்டளையைத் தப்புத் தப்பாக அடித்தான். என்ன செய்வதென்று அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. நிறுத்தவும் தெரியவில்லை.

“என்னங்ணா பண்றீங்க?”

நிவேதிதா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. அவள் குனிந்து பழைய கட்டளைகளை மேலே மேலே தள்ளிப் பார்த்தாள். ஒரே கட்டளை, திரும்பத் திரும்ப.

“ஐம்பத்திரண்டு தடவை போயிருக்கீங்களேண்ணா,” என்றாள் மெதுவாக. “அப்ப குறிப்புல சேர்க்கவே இல்லீங்களா?”

“அந்த ஃபைலே இல்லன்னு சொல்லுதும்மா. இங்கதான் கீது. இல்லன்னு சொல்லுது.” அவசரத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் டெஸ்க்டாப்பில் இருந்த எழுத்துருவை இழுத்து, புரோகிராம் இருக்கிற ஃபோல்டருக்குள் போட்டாள். “இதுக்குள்ள இருந்தாத்தாண்ணா அது எடுக்கும். வெளியில இருக்கறதை அது பார்க்கவே பார்க்காது” என்றாள். ஒரு வரி எழுதினாள். திரை பச்சையானது. ஆறு டப்பாவும் ஒன்றொன்றாகப் புதுசாக வந்து நின்றன, ஆறிலும் எழுத்துரு. மொத்தம் நான்கு நிமிடம். பாலத்து அடியில் வண்டி நகர ஆரம்பித்ததாக இருதயராஜ் சொன்னார்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களேண்ணா” என்றாள். கோபமே இல்லை அவளிடம். கோபப்பட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வண்டிகள் மூன்று மணி நேரம் நின்றதற்கு அறிக்கை எழுத வேண்டும். இந்தத் தொழிலில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. அறிக்கையில் எந்த ஆளின் பெயரையும் எழுதக் கூடாது, தப்பு முறையில் இருக்கிறது என்றுதான் எழுத வேண்டும். நிவேதிதா எழுதிக்கொண்டிருக்க, தேவராஜ் பக்கத்தில் நின்றான். “என் பேரைப் போட்டுடும்மா, நான்தானே பண்ணேன்” என்றான். “அப்படிப் போடக் கூடாதுங்கண்ணா” என்றாள். எழுத்துரு குறிப்பில் சேர்க்கப்படவில்லை என்று எழுதினாள். டப்பாவுக்குள் கையால் போகும் வழி திறந்திருந்தது, அது இன்று முதல் மூடப்படுகிறது என்று எழுதினாள். அன்று மாலை தேவராஜ் பழைய கட்டளையை ஒருமுறை தட்டிப் பார்த்தான். உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது.

தீபாவளி கழிந்த புதன்கிழமை பட்டியல் வந்தது. அறிக்கையில் இல்லாத பெயர் அதில் இருந்தது. ரிலீஸ் ஆகிற ஆறு பேரில் முதல் பெயரே தேவராஜ்.

வீட்டில் விஜியிடம் எல்லாவற்றையும் சொன்னான். தெரியாததையும், தெரிந்த மாதிரி ஆட்டி வைத்ததையும், மண்டபத்தில் சொன்ன பொய்யையும். விஜி, “இன்னும் எத்தினி நாளு?” என்று மட்டும் கேட்டாள். ஒரு மாதமாவது இருக்கும் என்றான். போகிறவன் தனக்குத் தெரிந்ததை இருக்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், அது எல்லாக் கம்பெனியிலும் வழக்கம். பன்னிரண்டு வருடத்தைச் சொல்லி முடிக்க ஒரு மாதம் ஆகாதா? அதற்குள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றான். அவளும் சரி என்றாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு நீள நோட்டில் நாற்பது பக்கம் எழுதினான். எது எப்போது மக்கர் பண்ணும், எங்கே தட்டினால் ஓடும், மழை நாளில் அறையில் எந்த ஒயரைப் பார்க்க வேண்டும், சாவி யாரிடம் இருக்கும், எந்த வாட்ச்மேனுக்கு எழுத்து பெரிதாக இருந்தால்தான் கண் தெரியும். படம்கூடப் போட்டிருந்தான். திங்கட்கிழமை காலை சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போய் நிவேதிதாவின் மேஜையில் வைத்தான்.

அவள் முதல் பக்கத்தைப் படித்தாள். பிறகு இரண்டு பக்கம் தள்ளினாள், பிறகு பத்துப் பக்கம். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா, அந்த சர்வரை ஆயுத பூஜை முடிஞ்ச வாரமே காயலான் கடைக்குப் போட்டுட்டாங்களே” என்றாள்.

“சரி, அத்த உடு. மீதியை எப்பத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்? எத்தினி பேருக்குச் சொல்லணும்?”

நிவேதிதா நோட்டை மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “மீதியெல்லாம் ஃபைல்லயே எழுதியாச்சுங்கண்ணா. யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லீங்க.” “சார்கிட்ட ஒரு மாசம் கேட்டுப் பார்த்தேன். எதுக்குன்னு கேட்டாருங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலைங்கண்ணா.”

“அப்போ நான் எப்ப...”

“கார்டையும் லேப்டாப்பையும் குடுத்துட்டு நீங்க இன்னைக்கே கிளம்பலாமுங்கண்ணா.”

தேவராஜ் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றினான். கார்டின் வார் சட்டைப் பொத்தானில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவள்தான் எழுந்து வந்து எடுத்துவிட்டாள். அப்போது மணி பதினொன்றே கால்.